அக்கா போட்ட பாகம்

அந்த அக்காவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். குரலை உயர்த்தாமல், சிரித்த முகமாக, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே ஒருவரை இவ்வளவு எரிச்சல்படுத்த முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எதையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அக்கா என்றால் அவ்வளவுதான். மைசூர்பாகை அவர் கத்தியால் வெட்டமாட்டார். கத்தி பட்டால் ஓரம் உதிரும். உதிர்ந்தது யார் பங்கு என்று கேள்வி வரும். பட்டு இழை ஒன்றை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்து, மைசூர்பாகின் மேல் வைத்து அப்படியே கீழே இறக்குவார். பிறகு இரண்டு துண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எடை பார்ப்பார். அதற்குள் எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மைசூர்பாகின் மேல் இருந்த ஆசையே போய்விடும்.

கூடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இப்படியும் அப்படியும் திரும்புகிற மேஜை ஃபேன் இருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் அது யார் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று கவனித்து, ஸ்டூலை இப்படியும் அப்படியும் நகர்த்துவார். நான் போனால் நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவேன்.

"எனக்குக் காத்து வேணாம்க்கா, நீங்க உக்காருங்க."

"உனக்கு வேணாம்னா அது உன் இஷ்டம்பா. உன் பங்கு உங்கிட்ட வந்துடணும் இல்ல?"

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. வேலைக்கேற்ற மனுஷி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ தராசுதான் அவரிடம் வேலை பார்த்ததாகத் தோன்றும். தெருவில் யார் வீட்டில் எது பிரிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "சமமா இல்லாட்டி அது பாகம் இல்லப்பா, தானம்" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். அவர் பிரித்துக் கொடுத்ததில் யாரும் குறை சொன்னதில்லை. சந்தோஷப்பட்டும் நான் பார்த்ததில்லை.

அவருக்கு இரண்டு தம்பிகள். அம்மா சீக்கிரமே இறந்துபோனதால் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். கல்யாணமாகி, கணவர் போன பிறகு, பிள்ளை இல்லாமல் அதே தெருவுக்குத் திரும்பி வந்து தனியாகக் குடியிருந்தார். பெரிய தம்பி என்னைவிட மூத்தவர். அவரை அண்ணா என்பேன். அதிகம் பேசாதவர். சின்னவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் வாயை மூடினால்தான் அதிசயம். அப்பா இருந்தவரை பட்டுச்சேலைத் தொழிலைச் சேர்ந்தே பார்த்தார்கள். அவர் போனதும் அண்ணனும் தம்பியும் ஒத்துவராமல் பிரிந்தார்கள். பிரித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தறிகளைப் பிரித்தார். பட்டைப் பிரித்தார். பாதி தீர்ந்த ஜரிகைக் கண்டுகளை நகைக்கடைத் தராசு கடன் வாங்கி வந்து நிறுத்துப் பிரித்தார். ஒரு தறியில் சேலை ஒன்று பாதி நெய்தபடி நின்றிருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது? அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. முதல் பாதி பெரியவர் ஆள் நெய்தது, மீதியைச் சின்னவன் ஆள் நெய்யட்டும் என்றார். ஒருவர் கை அழுத்தம், இன்னொருவர் கை லேசு. சேலையின் நடுவில் கோடு போட்டதுபோல் நெசவு மாறித் தெரிந்தது. எந்தக் கடையும் அதை வாங்கவில்லை. கடைசியில் அக்காவே நல்ல நாட்களில் அதைக் கட்டிக்கொண்டார். நடுக்கோடு முதுகில் தெரிய அவர் நடந்துபோவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

கடைசியாக மிஞ்சியது கம்ப்யூட்டர். அங்கேதான் நான் மாட்டினேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அப்பா கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்த கரைகளையும் முந்திகளையும் நானும் சின்னவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அதில் ஏற்றியிருந்தோம். அதிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அட்டை குத்துகிறவர் அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்; அந்த அட்டை தறியில் ஏறினால் டிசைன் சேலையில் வரும். அப்பாவின் தாள்களைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. ஆக, டிசைன் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கம்ப்யூட்டர் அக்கா வீட்டுக் கூடத்துக்கு வந்தது. காலையில் பெரியவர், பிற்பகலில் சின்னவன் என்று முறை. டிசைன்களுக்குச் சீட்டு குலுக்கிப் போட்டார்கள். ருத்ராட்சக் கரை பெரியவருக்கு, அன்னபட்சிக் கரை சின்னவனுக்கு, இப்படி. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"இது பாகமா?" என்றார் அக்கா. "ஒரே ரூம்ல ரெண்டு பீரோ வெச்ச மாதிரி இருக்குது. தனி ரூமா குடுப்பா."

சரி, தனி ரூம். அது நியாயமான பேச்சுதான் என்று, டிஸ்க்கில் டிசைன் இருந்த பகுதியை இரண்டாக்கினேன். டி டிரைவ் பெரியவருக்கு, இ டிரைவ் சின்னவனுக்கு. வேலை முடிந்தது என்று நினைத்து, சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பெரியவர் தன் முறைக்கு வந்தபோது இரண்டு டிரைவையும் ஒவ்வொன்றாகத் திறந்து அளவு பார்த்திருக்கிறார். கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"அவனுக்கு ஏழெட்டு எம்.பி. கூட இருக்குது" என்றார் பெரியவர். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சங்கத்தில் ஜரிகை காணாமல் போயிருந்தால்கூட அப்படி ஆகியிருக்கமாட்டார்.

"அது ஒண்ணுமே இல்லக்கா" என்றேன். "மொத்த டிஸ்க்குல அது ஒரு தூசி."

"ஒண்ணுமில்லன்னா அந்த ஒண்ணுமில்லாதத இவனுக்கும் பாதி குடு."

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அக்கா வாங்கிவந்த கோவில் இட்லி சமையலறையில் இருந்தது. பெருமாள் கோவில் இட்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூங்கில் குடலையில் வெந்து உருளை உருளையாக வரும், வில்லை வில்லையாக அறுத்துச் சாப்பிட வேண்டும். அதை எடுத்துவந்து காட்டினேன். டிஸ்க்கும் இப்படித்தான் அக்கா, வில்லைக் கணக்கில்தான் பிரிக்க வரும். மொத்த வில்லை ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு ஒரு வில்லை கூடத்தான் போகும். அந்த ஒரு வில்லைதான் இந்த ஏழெட்டு எம்.பி.

அக்கா இட்லியை வாங்கினார். ஒரு வில்லையைத் தட்டில் வைத்தார். பட்டு இழையை எடுத்து அதன் நடுவில் இறக்கினார்.

"நான் பாதி வில்லையும் வெட்டுவேன்பா" என்றார்.

அப்படியானால் அந்த ஒரு வில்லையை யாருக்கும் கொடுக்காமல் சும்மா விட்டுவிடலாம், இரண்டு பங்கும் சமமாகிவிடும் என்று கெஞ்சினேன். அதற்கும் மசியவில்லை. "நடுவுல புறம்போக்கு வெச்சா நாளைக்கு அதுக்குத்தான் அடிச்சிப்பானுங்க." சின்னவனிடம் போய் நீயாவது சொல்லடா என்றேன். "எனக்கு எவ்ளோ இருந்தா இன்னா மச்சான், அண்ணனே எடுத்துக்கினு போகட்டும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே சென்னையில் ரிச்சி தெருவில் இருந்த நண்பனிடமிருந்து ஒரு ஃபிளாப்பியில் வேறொரு மென்பொருளை வாங்கிவந்தேன். அது வில்லை எல்லையைப் பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். இது வேண்டாத வேலை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். நடு வில்லையில் வெட்டினேன். இரண்டு டிரைவும் கடைசி எழுத்துவரை சமம். பெரியவர் வந்து அளவு பார்த்துத் தலையாட்டினார். அக்கா கம்ப்யூட்டர் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். விண்டோஸ் வரவில்லை.

இனி வருவதைச் சொல்லும்போதே எனக்குத் தலை வலிக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்திருப்பது பயாஸ் என்கிற சின்ன நிரல். டிஸ்க்கில் எத்தனை உருளை (நான் வில்லை என்று சொன்னது அதைத்தான்), எத்தனை தலை, எத்தனை துண்டு என்று அதுதான் எண்ணிச் சொல்லும். டிஸ்க்கின் வடிவமே அந்த எண்கள்தான். அந்த டிஸ்க்குக்கு எப்போதும் இருநூற்று ஐம்பத்தைந்து தலை என்று காட்டும். இப்போது அதில் கிட்டத்தட்டப் பாதிதான் காட்டியது. டிஸ்க் அதேதான், கழற்றிக்கூட மாட்டவில்லை. எங்கேயோ ஒரு கோட்டைத் தள்ளிப்போட்டதற்கு டிஸ்க்கின் உருவமே எப்படி மாறும்?

கேபிளை மாற்றினேன். மின்சாரப் பெட்டியை மாற்றினேன். பயாஸுக்குள் போய் எல்.பி.ஏ. என்று வைத்தேன், லார்ஜ் என்று வைத்தேன், நார்மல் என்று வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண் சொன்னதே தவிர பழைய எண்ணை மட்டும் சொல்லமாட்டேன் என்றது. ஒரு தடவை விண்டோஸ் பாதி எழுந்து, டிஸ்க்கில் பிழை இருக்கிறது, நானே திருத்துகிறேன் என்று தானாகவே ஆரம்பித்தது. அதைத் திருத்த விட்டிருந்தால் உள்ளே இருந்த டிசைனும் போயிருக்கும். பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அங்கே மாட்டினேன். அங்கேயும் அதே பாதித் தலைகள். ரிச்சி தெரு நண்பனுக்கு ஃபோன் போட்டால், டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு வாங்கச் சொல் என்றான். வைத்துவிட்டேன்.

அக்கா காலையும் மாலையும் கடைக்கு வந்தார். வாசலில் நின்று, "இன்னா ஆச்சுப்பா?" என்பார். கோபமோ அழுகையோ கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருக்கலாம். நீங்கள் கேட்ட அந்தப் பாதி வில்லைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று வாய்வரை வரும். அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் காபியை ஊற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டம் பார்ப்பார். சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிவிடுவேன்.

இதற்கிடையில் பெரியவருக்குத்தான் நெருக்கடி. தனியாகப் பிரிந்த பிறகு அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், சென்னையில் ஒரு கடைக்கு ருத்ராட்சக் கரை போட்ட கல்யாணச் சேலைகள். பாவு நூல் ஏற்றித் தறிகள் தயாராக நின்றன. அட்டை குத்துகிறவர் பிரிண்டுக்காகக் காத்திருந்தார். நாள் தள்ளினால் கடைக்காரர் வேறு ஆளிடம் போய்விடுவார். டிசைனே போய்விட்டால் அப்பா வரைந்த அந்தக் கரையை இனி யாரும் நெய்ய முடியாது.

ஒரு நாள் மத்தியானம் பெரியவர் கடைக்கு வந்தார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் அந்த ஏழெட்டு எம்.பி.ய கேட்டிருக்கவே கூடாதுப்பா" என்றார்.

"விடுங்கண்ணா."

"அதுல நான் இன்னாத்த வெக்கப் போறேன்? ஒரு கரைக்குக்கூட அவ்ளோ வேணாம். எதுக்குக் கேட்டேன் தெரியுமா?" டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவினார். "சின்ன வயசுல கருட சேவைக்குக் கூட்டிக்கினு போவும் அக்கா. கூட்டத்துல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவன அம்பது எண்ற வரைக்கும் தூக்கி வெச்சுக்கும். அப்பறம் என்னை அம்பது எண்ற வரைக்கும். ரெண்டு பேருக்கும் அம்பதுதான். ஆனா என் அம்பது சீக்கிரமா முடிஞ்சுடும்."

"அக்கா வேகமா எண்ணுவாங்களா?"

"தெரியல. நான் அப்பவே கொஞ்சம் கனம். கை வலிச்சிருக்கும்." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அக்கா எனக்கு எப்பவும் சரியாக் குடுத்துது. ஒரு கொறையும் சொல்ல முடியாது. சரியா மட்டும்தான் குடுத்துது."

போய்விட்டார். ரிப்பேருக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் என் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது எனக்கு. அதைத் தூக்கி எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

டிஸ்க்குக்கு வழி பிறந்தது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகட்டில். கடையில் சும்மா கிடந்தது. வேறு வழியில்லாமல்தான் போட்டேன். அதில் ஒரு நல்ல குணம், டிஸ்க்கின் வடிவத்தை நாமே கையால் தட்டிச் சொல்லலாம், பயாஸ் பேச்சைக் கேட்க வேண்டாம். இருநூற்று ஐம்பத்தைந்து தலை என்று தட்டினேன். இரண்டு டிரைவும் திறந்தன. ருத்ராட்சம், அன்னபட்சி, கோபுரம், எல்லாம் அப்படியே இருந்தன. கூடவே ஒரு வரி எச்சரிக்கையும் வந்தது: இரண்டாவது பிரிவு உருளையின் எல்லையில் முடியவில்லை.

அதைப் படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நான் நினைத்திருந்ததுபோல பயாஸ் டிஸ்க்கை எண்ணிப் பார்ப்பதே இல்லை. பிரிவுகள் எங்கே முடிகின்றன என்று பார்த்து, ஒரு வில்லை இவ்வளவு தடிமன் இருக்கும் என்று அனுமானம் பண்ணிக்கொள்கிறது. எல்லாரும் வில்லை எல்லையில்தான் வெட்டுவார்கள் என்று அதற்கு நம்பிக்கை. நாங்கள் பாதி வில்லையில் வெட்டியதைப் பார்த்து, ஓஹோ, வில்லையே இவ்வளவு மெல்லிசுதான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது. பிறகு அந்த மெல்லிய கணக்கில் எண்ணிப் போனால் எதுதான் இடத்தில் இருக்கும்? உலகத்தில் வேறு எவன் வீட்டிலும் இந்தக் கோளாறு வந்திருக்காது. பாதி வில்லைக்கு அடம்பிடிக்க அவர்களுக்கெல்லாம் இப்படி ஓர் அக்கா இல்லை.

டிசைன்களை இரவல் வாங்கிய டிஸ்க் ஒன்றில் முழுக்கப் பிரதி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா வீட்டுக்குப் போனேன். டிசைன் பத்திரமாக இருக்கிறது என்றதும் அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துவைத்துச் சொன்னேன். "அக்கா, இனிமே நீங்க சொல்றத நான் கேக்கமாட்டேன். வில்லைக் கணக்குலதான் வெட்டுவேன். ஒருத்தருக்கு ஒரு வில்லை கூடத்தான் போகும். இல்லன்னா அத யாருக்கும் இல்லாம விட்டுடறேன். ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க."

புறம்போக்காக விடச்சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பெரியவனுக்குப் போடு" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று இருந்தது. "கூடவாக்கா? பெரியவருக்கா?"

"ஆமாப்பா." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா போனப்ப சின்னவன் கைக்கொழந்த. எம்மேலயே தூங்குவான். பெரியவன் அப்பவே தனியா நின்னுக்கினு பாத்துக்கினு இருப்பான். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணு இல்லப்பா. சின்னவன்னா ஒரு பிடி கூடத்தான். அது எனக்குத் தெரியும். கை தானா அவன் பக்கம் போவும். அதான் எதுக்கெடுத்தாலும் தராசு வெச்சேன். அளந்து குடுத்தா பெரியவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

பெரியவர் கடையில் வந்து சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவரை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை நாள் பட்ட கோபம் எங்கே போய் ஒட்டும் என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னபடியே வெட்டி, டிசைன்களை ஏற்றி, டிஸ்க்கை மாட்டினேன். பயாஸ் இருநூற்று ஐம்பத்தைந்து தலை என்று நல்ல பிள்ளையாகச் சொன்னது. சின்னவன் வந்து பார்த்தான். அண்ணனுக்கு ஒரு வில்லை கூட என்று சொன்னேன். "அக்கா சொல்லுச்சா? அப்ப சரி" என்று சிரித்துவிட்டு அன்னபட்சியைத் திறந்து வேலையை ஆரம்பித்தான். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பெரியவரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

மறுநாள் பெரியவர் வந்தார். வழக்கம்போல இரண்டு டிரைவின் அளவையும் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மாத்திப் போட்டுட்டியாப்பா?"

"இல்லண்ணா. அக்கா சொல்லித்தான் போட்டேன்."

"தப்பா அளந்திருக்கும்."

"அக்காவா?" என்றேன்.

அவர் ருத்ராட்சக் கரையைத் திறந்து பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் கறகறவென்று தாளை இழுத்துக்கொண்டிருந்தது; அவர் அதைப் பார்க்காமல் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆர்டரும் கை நழுவவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்த டிஸ்க் போதாமல் போய்ப் புதிது வாங்கினார்கள். பழையதைப்போலப் பல மடங்கு பெரியது. கம்ப்யூட்டரும் புதிது, அதன் பயாஸுக்கு இந்த வில்லைத் தகராறு எதுவும் கிடையாது. எங்கே வெட்டினாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அக்கா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். இனிமேல் கடைசி எழுத்துவரை சமமாகப் பிரிக்கலாம், ஒரு தொந்தரவும் வராது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பேசினார்.

"சமமா வேணாம்பா" என்றார். தலை நரைக்க ஆரம்பித்திருந்த மனிதர். கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனால் நிறுத்தவில்லை. "போன தடவ மாதிரியே எனக்குக் கொஞ்சம் கூடப் போடு. நெறைய வேணாம். அதே ஏழெட்டு எம்.பி. போதும்."

சின்னவன் சிரிக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவன் கேக்கறதக் குடுத்துடுப்பா" என்றார்.